வீட்டிலே கிடைக்கும் மருந்து

நோய் கண்டவன் ஓய்ந்து படுத்தல் வேண்டும் என்பது பல தேசத்தாருக்கும் பொதுவான பழைய கொள்கை. காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் அக்கொள்கை பொருந்தும். அதனையே புற்றுநோய்க்கும் பொருத்தி, புற்றுநோயாளர் நடமாட்டத்தைக் குறைத்துக் கட்டிலையும் சாய்மனைக் கதிரையையும் நாடுதலே நன்று என வைத்தியர்களும் நெடுங்காலம் கூறிவந்தனர். ஆராய்ச்சி அக்கருத்தை மாற்றிவிட்டது. 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் சபை, புற்றுநோயாளருக்குத் தான் கூறும் அறிவுரையை மிகச் சுருக்கமாக எடுத்துரைத்தது. சும்மா இருத்தலைத் தவிர்த்தல் வேண்டும் என்பதே அது.

இவ்வறிவுரை புற்றுநோயாளர் எல்லாருக்கும் உரியது. ஆயினும் ஒரு கூட்டத்தாருக்கு இது பிறரைக் காட்டிலும் மிகுதியாக வேண்டப்படுகின்றது. அவர்களுக்கே இது பிறரைக் காட்டிலும் எட்டாத தொலைவிலும் இருந்துவந்திருக்கின்றது. ஐக்கிய அமெரிக்க நாடுகளிலே புரொஸ்டேட் புற்றுநோயோடு வாழும் கறுப்பின ஆண்களே அக்கூட்டத்தார். வீட்டிலே செய்யத்தக்க தேகப்பயிற்சி அவர்களுக்கு எவ்வகையில் உதவும், அது ஏன் வீட்டிலே செய்யப்படல் வேண்டும் என்னும் இரண்டு வினாக்களும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை.

புரொஸ்டேட் என்பது ஆண்களுக்கு மாத்திரம் உள்ள ஒரு சுரப்பி. முன்னிற்குஞ் சுரப்பி எனப் பாடநூல்கள் இதனைக் கூறும். சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இது அமைந்திருக்கின்றது. விந்தோடு கலக்கும் நீர்மத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதே இதன் தொழில். முதுமை அணுக அணுக இச்சுரப்பியிலே புற்றுநோய் தோன்றுதல் அதிகரிக்கின்றது. அமெரிக்க ஆண்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகின்றனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. கறுப்பின ஆண்களிலோ ஆறு பேருக்கு ஒருவர் ஆளாகின்றனர். இந்நோயால் மரணமடையும் வீதம் வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடையே ஏறத்தாழ இருமடங்காக உள்ளது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? பரம்பரையாக வரும் கூறு ஒன்று உண்டு என்பதில் ஐயமில்லை. எட்டாம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதியிலே இந்நோய்க்கு ஏதுவான மாற்றங்கள் உள்ளன என்பதும், அவற்றுட் சில ஆபிரிக்க வழித்தோன்றல்களிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதும் 2006 ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ளன. ஆனால் நோய் வருதல் வேறு, நோயால் இறத்தல் வேறு. 2019 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஒப்புநோக்கிற்று. முன்னாட் படைவீரருக்கான அரசாங்க வைத்தியசாலைகளிலும், ஒரே வகைச் சிகிச்சை யாவருக்கும் அளிக்கப்பட்ட மருத்துவப் பரிசோதனைகளிலும், கறுப்பின ஆண்கள் வெள்ளையரைக் காட்டிலும் மிகுதியாக இந்நோயால் இறக்கவில்லை என்பது அதனாற் புலனாயிற்று. சிகிச்சை சமமாகக் கிடைக்குமிடத்து முடிவும் ஏறக்குறையச் சமமாகவே அமைகின்றது. ஆதலின் இம்மரணங்களிற் பெரும் பங்குக்குத் தசையையும் குருதியையும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. கிடைக்கவேண்டியது கிடைக்காமையே காரணம்.

இந்நோய்க்குரிய சிகிச்சைகளுள் முக்கியமான ஒன்றின் வரலாற்றை இங்கு நோக்குதல் வேண்டும். சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் ஹகின்ஸ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், ஆண் ஓமோனாகிய தெஸ்தொஸ்தரோனே புரொஸ்டேட் புற்றுநோயின் வளர்ச்சிக்கு உணவாக உள்ளது என்பதை 1941 ஆம் ஆண்டிலே காட்டினார். விதைகளை அகற்றியோ, பெண் ஓமோனைச் செலுத்தியோ அவ்வுணவைத் தடுத்தால், பரவிய நோயும் சுருங்குவதை அவர் கண்டார். இக்கண்டுபிடிப்புக்காக 1966 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பின்னர், மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தடைசெய்து அதே பயனைத் தரும் ஊசிமருந்துகள் 1980 களிலே வழக்கத்துக்கு வந்தன. இன்று பல்லாயிரம் ஆண்கள் அவ்வூசியினால் ஆயுள் நீடிக்கப்பெற்று வாழ்கின்றனர்.

ஆனால் எம்மருந்துக்கும் விலை ஒன்று உண்டு. தெஸ்தொஸ்தரோன் புற்றுநோயை மாத்திரம் வளர்ப்பதன்று. ஆணின் தசையையும் என்பையும் பேணுவதும் அதுவே. அது நீங்கியதும் தசை கரைகின்றது. இடுப்பைச் சுற்றிக் கொழுப்புச் சேர்கின்றது. என்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலையை அடைகின்றது. திடீரென உடல் கொதித்து வியர்க்கின்றது. உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு வந்து சேருகின்றது. மனமும் சோர்கின்றது. இச்சிகிச்சை பெறுவோரிடையே நீரிழிவும் இருதயநோயும் மிகுதியாகக் காணப்படுகின்றன என 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று எடுத்துக்காட்டிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் முன்னரே மிகுதி. ஆகவே புற்றுநோயை வென்ற மனிதர் இருதயநோய்க்கு இரையாகும் அபாயம் அவர்களுக்குப் பெரிது.

இங்கேதான் தேகப்பயிற்சியின் பயன் தெளிவாகின்றது. ஊசிமருந்து எவற்றைக் கெடுக்கின்றதோ, ஏறக்குறைய அவற்றையே பயிற்சி சீராக்குகின்றது. கனடாவில் நடைபெற்று 2003 ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனை ஒன்றில், இவ்வூசியைப் பெற்றுவந்த 155 ஆண்கள் பங்குகொண்டனர். கிழமைக்கு மூன்று முறையாகப் பன்னிரண்டு கிழமைகள் பளுப்பயிற்சி செய்தவர்களுக்குக் களைப்புக் குறைந்தது, தசைவலி­மை கூடிற்று, பயிற்சி செய்யாதவர்களின் நிலையோ தாழ்ந்தது. அவுஸ்திரேலியாவில் 57 ஆண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2010 ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனையும், பளுப்பயிற்சியும் மூச்சை விரைவாக்கும் பயிற்சியும் சேருமிடத்து இழந்த தசையை மீளப் பெறலாம் என்பதை உறுதிப்படுத்திற்று.

பயிற்சி ஆயுளையும் நீட்டுமா என்னும் வினாவுக்கு விடை கூறுவதில் நிதானம் வேண்டும். புரொஸ்டேட் புற்றுநோய் கண்ட 2,705 அமெரிக்க ஆண்களைத் தொடர்ந்து அவதானித்து 2011 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியிலே, கிழமைக்கு மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ கடுமையான பயிற்சி செய்தவர்களிடையே அந்நோயால் நேர்ந்த மரணம் மிகக் குறைவாக இருந்தது. ஆயின் நோய் கடுமையாக உள்ளவர் ஓடியாட இயலாதவர் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவதானிப்பு மாத்திரம் காரணத்தை நிறுவிவிடாது. அன்றியும், அவ்வாராய்ச்சியில் இடம்பெற்றோர் வைத்தியத்துறையைச் சார்ந்த தொழில் புரிந்தவர்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். புற்றுநோயும் பயிற்சியும் பற்றிய பரிசோதனைகள் பலவற்றுக்கும் இக்குறை உண்டு. நோயின் சுமையை மிகுதியாகத் தாங்குவோர் ஆராய்ச்சியிலே மிகக் குறைவாக இடம்பெறுகின்றனர்.

அவர்கள் ஏன் இடம்பெறுவதில்லை? முதலாவது காரணம் தூரமும் நேரமும் பணமும். பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் பெரிய வைத்தியசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பகல் வேளையில் நடைபெறுகின்றன. கிழமைக்கு மூன்று முறை அங்கே போய்வருவதற்கு வாகனம் வேண்டும்; வேலையிலிருந்து விடுப்பு வேண்டும். மணித்தியாலக் கூலிக்கு உழைப்பவருக்கு ஒவ்வொரு வகுப்பும் ஊதிய இழப்பாகும்.

இரண்டாவது காரணம் குடியிருக்கும் இடம். 1930 களில் அமெரிக்க அரசாங்கத்தின் வீட்டுக்கடன் நிறுவனம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்திலே செந்நிறத்தால் அடையாளமிட்டு, கடன் வழங்குவதற்கு ஆபத்தான இடங்கள் என வகுத்தது. வீடு தொடர்பான இனப் பாகுபாடு 1968 ஆம் ஆண்டிலே சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. எனினும் அதன் வடு நகரங்களிலிருந்து நீங்கவில்லை. நிழல்மரமும் நல்ல நடைபாதையும் பூங்காவும் குறைந்த பகுதிகளாகவே அவற்றுட் பல இருந்துவருகின்றன. வீதியில் இறங்கி ஓடுவதும் எல்லார்க்கும் ஒரே தன்மையான செயலன்று. 2020 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆம் திகதி, ஜோர்ஜியா மாநிலத்திலே ஒரு குடியிருப்பின் வீதியில் ஓடிக்கொண்டிருந்த அஹ்மோட் ஆபரி என்னும் இருபத்தைந்து வயதுக் கறுப்பின இளைஞரை, வெள்ளையர் மூவர் வாகனங்களில் துரத்திச்சென்றனர். அவர்களுள் ஒருவர் அவரைச் சுட்டுக்கொன்றார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அம்மூவரையும் கொலைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. விரைந்து நடவுங்கள் என்று வைத்தியர் கூறும்போது, எங்கே நடப்பது என்னும் கேள்வி அச்செவிகளிலே வேறுவிதமாக ஒலிப்பதில் வியப்பில்லை.

மூன்றாவது காரணம் அவநம்பிக்கை. அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் ஊரிலே 1932 ஆம் ஆண்டு தொடக்கம் 1972 ஆம் ஆண்டு வரை, சிபிலிசு நோய் கண்ட 399 கறுப்பின ஆண்கள் உரிய சிகிச்சையின்றி அவதானிக்கப்பட்டனர். பெனிசிலின் கைக்கு வந்த பின்னரும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அதனை நடத்தியது அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையே. 1997 ஆம் ஆண்டில் சனாதிபதி கிளின்டன் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார். இவ்வரலாற்றைத் தந்தையரிடமிருந்து கேட்டறிந்தவர்கள், ஆராய்ச்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் முன்வராமை இயல்பேயாகும்.

இத்தடைகளை எவ்வாறு கடப்பது? மக்கள் வைத்தியத்திடம் வராவிடின் வைத்தியம் மக்களிடம் செல்லுதல் வேண்டும். இதற்கு வேறொரு நோய் தொடர்பாக நல்ல உதாரணம் ஒன்று உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே 52 முடிதிருத்தும் நிலையங்களுக்கு வழமையாக வரும் 319 கறுப்பின ஆண்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தப்பட்டு, 2018 ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. யாவரும் உயர் குருதியமுக்கம் உடையவர்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தாளரே முடிதிருத்தும் நிலையத்துக்கு வந்து அமுக்கத்தை அளந்து மருந்து வழங்கினார். மற்றவர்களுக்கு முடிதிருத்துபவர் வாய்மொழி அறிவுரை மாத்திரம் கூறினார். ஆறு மாதத்தில் முதற் பகுதியினரின் மேலமுக்கம் சராசரி 27 அலகு குறைந்தது. மற்றவர்களுக்கு 9 அலகளவே குறைந்தது. பழகிய இடத்திலே, நம்பிக்கைக்குரியவர் முன்னிலையிலே வைத்தியம் நடைபெற்றமையே வேறுபாட்டை விளைவித்தது. பழகிய இடங்களுள் வீட்டை விஞ்சியது எது? 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் பயிற்சிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பயிற்றுநர்கள் கணினியின் வாயிலாகவும் தொலைபேசி வாயிலாகவும் நோயாளரின் வீட்டுக்குள்ளே பயிற்சியைக் கொண்டுசென்றனர். அவ்வழி இன்று நிலைபெற்றுள்ளது.

வீட்டிலே என்ன செய்வது என்பதை இனி நோக்குவோம். 2019 ஆம் ஆண்டில் வெளியான நிபுணர் அறிக்கை கூறும் அளவு இது: மூச்சைச் சற்று விரைவாக்கும் பயிற்சி, ஒரு முறைக்கு அரை மணித்தியாலமாகக் கிழமைக்கு மூன்று முறை, தசையை வலுப்படுத்தும் பயிற்சி கிழமைக்கு இரண்டு முறை. மூச்சுப் பயிற்சிக்கு வீதி வேண்டுமென்பதில்லை. நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடக்கலாம். வீட்டுப் படிகளில் ஏறி இறங்கலாம். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் நிலையே சரியான வேகத்துக்கு அடையாளம்.

தசைப்பயிற்சிக்குக் கதிரை ஒன்றும் சுவர் ஒன்றும் போதும். கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து மெல்ல அமர்தல் தொடைக்கு வலுத்தரும். சுவரிலே உள்ளங்கைகளைப் பதித்து, சாய்ந்து, தள்ளி நிமிர்தல் மார்புக்கும் தோளுக்கும் உதவும். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துதல் கெண்டைக்காலையும் உடற் சமநிலையையும் பேணும். இறப்பர்ப் பட்டியை இழுத்தல், நீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்குதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் எட்டுத் தொடக்கம் பதினைந்து தடவை. சற்று ஓய்ந்து மீண்டும் ஒரு சுற்று. பதினைந்து தடவை எளிதாகிவிட்டால் பளுவைக் கூட்டுதல் வேண்டும். சிரமப்படாத தசை வளர்வதில்லை. சத்திரசிகிச்சையின் பின் சிறுநீர் தானாகக் கசியும் துன்பம் உடையோர், சிறுநீரை அடக்கும் இடுப்படித் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியையும் வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

எச்சரிக்கைகளும் உள. தொடங்குமுன் வைத்தியரின் அனுமதி வேண்டும். சத்திரசிகிச்சை செய்து சில கிழமைகளுக்குப் பாரந் தூக்கலாகாது. குருதியமுக்கம் உடையோர் மூச்சை அடக்கிக்கொண்டு பளுத் தூக்கலாகாது. நோய் என்பிலே பரவியுள்ளவர்கள் பயிற்சியை அறவே கைவிடவேண்டியதில்லை. நோயுள்ள என்பின்மீது பாரம் ஏறாத வகையில் அமைத்த பயிற்சியினால் உடலியக்கம் மேம்படுகின்றது, வலியும் கூடுவதில்லை என்பதை 2018 ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனை ஒன்று காட்டியுள்ளது. ஆனால் அத்தகைய பயிற்சியை அறிந்தவரே வகுத்துத் தருதல் வேண்டும். புதிதாக முதுகுவலி தோன்றிக் கால் பலவீனமடைந்தாலும் மரத்தாலும், மார்பு வலித்தாலும், பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் கடன்.

வீட்டுப் பயிற்சிக்குக் குறை இல்லாமலில்லை. பயிற்றுநரின் மேற்பார்வையிற் செய்வோர் அடையும் பயனைத் தனித்துச் செய்வோர் முழுமையாக அடைவதில்லை. கேட்பாரில்லாதபோது ஒரு நாள் தவறும். பின் ஒரு கிழமை தவறும். பளுவைக் கூட்டவும் மனம் வராது. ஆகவே ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையிலே கொடுத்து அனுப்பிவிடுதல் வீட்டுப் பயிற்சியாகாது. கிழமைதோறும் ஒருவர் தொலைபேசியில் அழைத்து விசாரித்தல் வேண்டும். செய்ததைக் குறித்துவைக்கும் கொப்பி ஒன்று வேண்டும். மனைவியோ சகோதரனோ தேவாலயத்து நண்பரோ உடன் நின்று செய்தல் வேண்டும். உடன் நிற்பவர் அதே நோயைக் கடந்து வந்தவராயின் மிக நன்று.

உடன் நிற்க ஒருவர் வேண்டுமாயின், முதலில் அவரிடம் நோயைச் சொல்லல் வேண்டும். அதுவே பலருக்குக் கடினமாகின்றது. இந்நோயும் அதன் சிகிச்சையும் ஆண்மையோடு தொடர்புடையன ஆதலால், ஆண்கள் மனைவியிடங்கூட வாய் திறவாது வாழ்கின்றனர். அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராகப் பதவி வகித்த முதலாவது கறுப்பினத்தவரான லொயிட் ஒஸ்ரின், 2023 ஆம் ஆண்டு டிசெம்பரில் இந்நோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றார். அதனைச் சனாதிபதிக்குந் தெரிவிக்கவில்லை. அடுத்த மாதம் உடல்நிலை பாதிப்புற்று மீண்டும் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட பின்னரே செய்தி வெளியாயிற்று. 2024 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் மறைத்தமைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இந்நோய்ச் செய்தி கறுப்பின மக்களைச் சிறப்பாக உலுக்குவது என்பதையும் எடுத்துரைத்தார். பெரும் படையொன்றை நடத்திய ஒருவருக்கே சொல்லுதற்கு அரிதாயிருந்த செய்தி, தொழிலாளி ஒருவருக்கு எத்துணை அரிதாயிருக்கும்!

வீட்டிலே செய்யும் பயிற்சி புற்றுநோயை நீக்கிவிடாது. ஊசிக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் அது பதிலாகாது. வைத்தியசாலையைச் சமமாகத் திறந்துவைக்கவேண்டிய சமுதாயத்தின் கடனையும் அது தீர்த்துவிடாது. ஆனால் அக்கடன் தீரும்வரை காத்திருக்கும் மனிதனின் தசை அதற்குள் கரைந்துவிடும். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழ வல்லவன் கடைக்குத் தானே போவான். படியிலே தானே ஏறுவான். பேரப்பிள்ளையைத் தானே தூக்குவான். அவ்வல்லமையைக் காக்கும் வழி அவனுடைய வீட்டுக்குள்ளேயே உண்டு என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தலும், சொல்லிய பின் அவனைக் கைவிடாது கிழமைதோறும் விசாரித்தலும் வைத்தியத்தின் பாற்பட்ட கடமைகளே.